கேமராவுக்குப் பின்னால் இருந்தவன்

கொட்டகலை பஜாரில் சுதர்ஷினியும் அவள் கணவன் கிஷாந்தும் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார்கள். தோட்டத்துக் கல்யாணம், சடங்கு, திருவிழா என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போவது அவன். வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது அவள்.

வீடியோக்கள் பெருகியதும் இரண்டு ஹார்ட் டிஸ்க் போடும் பெட்டி ஒன்று வாங்கினார்கள். ஹட்டனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பைஸர், இரண்டு டிஸ்க்கையும் இணைக்கும் முறைகளை விவரமாகச் சொன்னார்.

“ரெய்ட் சீரோன்னா ரெண்டும் சேர்ந்து ஒண்ணாயிரும். இடம் முழுசா கிடைக்கும், வேகமும் கூட. ஆனா ஒண்ணு போனா எல்லாம் போச்சு. ரெய்ட் வன்னுன்னா ஒண்ணுல இருக்கிறதே மத்ததுலயும் இருக்கும். இடம் பாதிதான்.”

“நடுவுல ஏதும் இல்லீங்களா நானா?” என்று அவரை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள் சுதர்ஷினி.

“ரெய்ட் ஃபைவ் இருக்கு. ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும். அதுக்கு மூணு டிஸ்க்காவது வேணும், இந்தப் பெட்டி காணாது.”

சுதர்ஷினி ரெய்ட் வன் கேட்டாள். “கல்யாண சீசன் முடியட்டும் சுதா. இப்ப இடம்தான் வேணும். பொறகு மாத்திக்கலாம்,” என்றான் கிஷாந்த். அவளும் விட்டுவிட்டாள்.

அந்த சீசனிலேயே, மஸ்கெலியாவில் ஒரு கல்யாணம் முடிந்து மழையில் மோட்டார் சைக்கிளில் திரும்பியவன் மேல் மண்மேடு சரிந்தது.

கருமாதி முடிந்து கடை திறந்தபோது, பழைய கல்யாணம் ஒன்றின் வெட்டாத பதிவைத் தற்செயலாகத் திறந்தாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து அவன் பேசினான். “அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க.” ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அழுதாள். ஊரையே எடுத்தவனை யாரும் வீடியோ எடுத்ததில்லை. அவன் குரல் வேறெங்கும் இல்லை. தனியாக ஒரு பிரதி எடுக்க நினைத்துத் திறப்பாள். கேட்க ஆரம்பித்தால் வேலை ஓடாது.

ஒரு காலை பெட்டி திறக்கவில்லை.

“ஒரு டிஸ்க் செத்துருச்சு தங்கச்சி,” என்றார் பைஸர்.

“மத்தது நல்லாத்தானே இருக்கு? அதுல உள்ளத மட்டும் எடுத்துத் தாங்க.”

“ஒவ்வொரு வீடியோவையும் துண்டு துண்டாக்கி, மாத்தி மாத்தி ரெண்டுலயும் போட்டிருக்கு. இதுல மட்டும் எடுத்தா ஒரு பேச்சும் கேக்காது.”

மீட்டுத் தரச் சொல்லிக் கொழும்புக்கு அனுப்பிய செத்த டிஸ்க்கும் அப்படியே திரும்பி வந்தது. புது டிஸ்க்குகள் போட்டு ரெய்ட் வன் அமைத்துக் கொடுத்தார் பைஸர். “கை தவறி அழிச்சா ரெண்டுலயும் அழிஞ்சிரும். வெளிய ஒரு பிரதி வச்சுக்கோ.” தலையாட்டினாள். அதில் போட்டு வைக்க அவளிடம் ஒன்றுமில்லை.

அப்போதுதான் ராகலையில் இருந்த வேலாயியின் நினைவு வந்தது. அவள் மகள் கல்யாணத்தை எடுத்தவன் கிஷாந்த். அவளிடமுள்ள பிரதியிலாவது அவன் குரல் எங்காவது தப்பியிருக்குமா என்று போய்க் கேட்டதும், வேலாயி கல்யாண வீடியோவை டிவியில் போட்டுக் காட்டினாள். மாப்பிள்ளை விறைப்பாக நிற்கிறான். சட்டென்று எல்லோரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். நாதஸ்வரம் மட்டும் கேட்டது.

“அந்தத் தம்பி ஏதோ சொல்லிச்சும்மா. என்னான்னுதான் ஞாபகம் வரமாட்டேங்குது.”

கேமராக்காரன் பேச்சு கேட்டால் வேலை சுத்தமில்லை என்று, வீடியோவுக்கு வீடியோ அவன் குரலை வெட்டியெடுத்தவள் சுதர்ஷினிதான்.

வேலாயி கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்தாள். நுவரெலியா பஸ்ஸில் அவள் அழுவதைக் கண்ட ஒரு பெண், மரக்கறிப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.