வராத மெயில்

அந்த நூலகத்தில் எல்லாருக்கும் அவள் மிஷின் அக்கா. மாடிப்படிக்குக் கீழே, ஏசி ஓயாமல் இரையும் சின்ன அறையில் இருக்கும் இரண்டு சர்வர் கம்ப்யூட்டர்களுக்கும் அவள்தான் தாயும் தகப்பனும். புத்தகப் பட்டியலுக்கு நகல் எடுப்பது, புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களுக்கு நினைவூட்டுவது எல்லாம் அவற்றில் தானாக நடக்கும். எது நின்றாலும் திட்டு அவளுக்கு விழும்.

தங்கைக்குப் பிரசவ நேரம். நாலு வருஷமாகச் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு எடுக்காதவள், பத்து நாள் கேட்டாள். மேலாளர் தாடையைத் தடவினார்.

"நீங்க இல்லாதப்ப ஏதாவது நின்னா எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எந்த வேலை நின்னாலும் உடனே மெயில் வர்ற மாதிரி செஞ்சுடறேன் சார். ஒரு வாரம் பார்த்துட்டுச் சொல்லுங்க."

செய்தாள். ஒரு வாரம் ஒரு மெயில்கூட வரவில்லை. மேலாளருக்கு வாயெல்லாம் பல். லீவுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அக்காவுக்கோ சந்தேகம். ஒரு வாரம் முழுக்க ஒழுங்காக நடந்துகொள்ளும் ரகமா அந்தச் சர்வர்கள்?

வேண்டுமென்றே ஒரு வேலையைக் கெடுத்துப் பார்த்தாள். மெயில் இல்லை. தோண்டிப் பார்த்தால், மெயில் அனுப்பும் புரோகிராமே முதல் நாளில் படுத்துவிட்டிருந்தது. அது படுத்த சேதியையும் அதன் வழியாகவே அனுப்பச் சொல்லியிருந்தாள், மகராசி! பதினொரு எச்சரிக்கைகள் வாசல் தாண்ட முடியாமல் வரிசையில் நின்றன.

மூடி மறைத்தால் நாளைக்கு ரயில் ஏறலாம். சொன்னால் லீவு அம்போ. பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. ஆனாலும் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, நேரே போய்ச் சொன்னாள்.

"கெட்டது நடந்தா மட்டும் சொல்லுன்னு வச்சது என் தப்பு சார். இனிமே தினம் காலைல ஒன்பது மணிக்கு, எல்லாம் நல்லா ஓடுதுன்னு ஒரு மெயில் வரும். வரலைன்னாதான் பயப்படணும்."

மேலாளர் சிரித்தே விட்டார். "எங்க பொண்ணு ஹாஸ்டலுக்குப் போனப்ப நான் போட்ட சட்டம்மா இது! தினம் ஒரு போன். வரலைன்னா நான் கிளம்பி வந்துடுவேன். சரி, அந்த மெயில் யாருக்கு வரும்?"

"எனக்குத்தான் சார்."

"உங்க பேரை எடுங்க. எனக்கு வரட்டும். வரலைன்னா என்ன செய்யணும்னு எழுதி வச்சுட்டுப் போங்க, நான் பார்த்துக்கறேன்."

தன் ஒரு முகவரியை அழிக்க அவளுக்குப் பத்து நிமிஷம் ஆனது. கை வரவில்லை. அழித்த பிறகு வந்த சந்தோஷத்தில் அறையைப் பூட்டவே மறந்து, பாதி வழியிலிருந்து திரும்பி ஓடி வந்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, ரயிலில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.