இந்தியாவுக்கு ஒரு மச்சான்

தூத்துக்குடியில் கொழும்புக் கப்பலுக்குக் காத்திருக்கிறோம். சுதந்திரம் வந்த புதிது. மணலில் கப்பல்காரர்கள் இலங்கை அணியாகவும், முத்துக்குளிப்பவர்களும் காயல்பட்டினத்து முஸ்லிம்களும் பனங்காட்டு வியாபாரிகளும் இந்திய அணியாகவும் கால்பந்து ஆடப்போகிறார்கள். இந்தியாவில் ஓர் ஆள் குறைய, என் கணவரைக் கூப்பிடுகிறார்கள்.

"அவர் கொழும்பில் பிறந்தவர், இந்தியாவுக்கு ஆடக்கூடாது" என்று இலங்கை அணி மறுக்கிறது. கைக்குழந்தையோடு நிற்கும் எனக்கோ அவரை விடலாமா வேண்டாமா என்ற தவிப்பு.

இந்திய அணித் தலைவர், முத்துக்குளிப்பவர், என்னிடம் கேட்கிறார்: "தங்கச்சிக்கு எந்த ஊரு?"

"நாசரேத். இந்தப் பக்கந்தான்."

"அப்பம் இவரு நமக்கு மச்சான்லா! நாங்க கடல்ல முங்கும்போது உசுருக்கயித்தையே மச்சான் கையிலதான் குடுக்கோம். பந்தக் குடுக்கப்படாதோ?"

இலங்கையே சிரித்துவிடுகிறது. கணவர் என் முகத்தைப் பார்க்கிறார்.

"போங்க. கால் பத்திரம்."

முதல் பந்திலேயே அவர் மணலில் குப்புற விழுகிறார். மொத்த இந்தியாவும் கத்துகிறது: "ஏலே மச்சான், எந்திரி!"