ஆற்றுக்குள் இருபத்திமூன்று இடங்கள்

எங்கள் சமுதாய வானொலியில் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வரலாறு, சமூக நீதி, பண்பாடு மூன்றையும் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. நடுவில் இரண்டு நிமிடம் டெங்கு விழிப்புணர்வு. மற்ற நாட்களில் துறைமுகத்துக்கு வெளியே ஒரு சுங்க கிளியரிங் அலுவலகத்தில் உட்கார்ந்து, நான் திறந்து பார்க்காத கன்டெய்னர்களுக்குள் என்ன இருக்கிறதென்று எழுதிக்கொண்டிருப்பேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலைதான் என்று கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருடம் பிடித்தது.

நிலையம் ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் இருக்கிறது. சுவரெல்லாம் முட்டை அட்டை. கீழே டிரெய்லர் லாரி போனால் மைக் நடுங்கும். அது போய்ச் சேரும்வரை பேச்சை நிறுத்தி, எல்லோரும் ஏதோ பிரார்த்தனையில் இருப்பதுபோலக் கண்மூடி உட்கார்ந்திருப்போம். ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்பவர் கொருக்குப்பேட்டைப் பெண். "சார், நீங்க பேசிகினு இருக்கும்போது லாரி வந்தா எனக்கு கொஞ்சம் ரெஸ்டா கீது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடியவர். எங்கள் நிலையத்தில் உண்மைக்கு அவர்தான் பொறுப்பு.

ஒரு நாள் நிகழ்ச்சியில் பேச ஓர் அம்மாள் எண்ணூர்ப் பக்கம் ஆற்றங்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். எனக்கும் அதே வயதுதான், ஆனால் அவர் அதைப் பயன்படுத்தியிருந்தார். கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, அடிச்சேற்றைக் கையால் துழாவி எறா என்கிற இறாலைப் பிடிப்பது அவர் தொழில். படகு கிடையாது, வலை கிடையாது. பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய சிறு கூடை ஒன்று, அதற்குப் பறி என்று பெயர். இரண்டு கைகளும் சேற்றுக்குள் இருப்பதால் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும்.

வருகிறவர்களுக்கு நான் முன்னுரை எழுதிக்கொண்டு போவது வழக்கம். 'அழிந்துவரும் ஒரு கலையின் கடைசிச் சாட்சி' என்று எழுதியிருந்ததைப் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

"யாரு அழிஞ்சா?" என்றார் அவர். "காலைல கூட எறங்கிட்டு தான் சார் வர்றேன். தோ பாருங்க, வெரலு இன்னும் ஊறிப்போயி கீது."

பார்த்தேன். முன்னுரையை அடித்தேன். நல்ல முன்னுரை.

அவருக்கு வேண்டியிருந்தது வேறு. அவர்கள் ஆற்றில் ஒரு திட்டம் வரப்போகிறது. மண்ணைக் கொட்டிப் பாதை போடுவார்கள். அதற்கான அறிக்கையில், பாலத்திலிருந்து முகத்துவாரம் வரை 'மீன்பிடிப்பு எதுவும் நடைபெறுவதில்லை' என்று ஒரு வரி இருந்தது. எழுதியவர் படகைத் தேடியிருப்பார், படகு இல்லை. வலையைத் தேடியிருப்பார், அதுவும் இல்லை. தண்ணீருக்கு மேல் நாலைந்து தலைகள் தெரிந்திருக்கும். குளிக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். கன்டெய்னர் ஆசாமி என்ற முறையில் அவர்மேல் எனக்கு ஒரு தொழில் அனுதாபம் உண்டு. ஆனால் அந்த வரி நின்றுவிட்டால், இவர்கள் இறங்குகிற தண்ணீர் மூடப்படும். மூடியபின், அங்கே எதுவும் நடக்கவில்லை என்று காகிதம் சாட்சி சொல்லும்.

இரண்டு வாரத்தில், சனிக்கிழமை, கருத்துக் கேட்புக் கூட்டம்.

"ஆளுக்கு ரெண்டு நிமிசம் குடுப்பாங்க" என்றார். "எங்க புடிக்கிறன்னு கேப்பாங்க. ஆத்துக்குள்ள எங்களுக்கு எடத்துக்கு எடம் பேரு கீது சார். ஆனா அவ அவளுக்கு அவ வூட்டாண்ட இருக்கிறது தான் தெரியும். மேடைய பாத்தா நாக்கு வேற ஒட்டிக்கும். ஆளாளுக்கு மாத்தி சொன்னா, கூட்டியாந்து பேச வெச்சிகீறாங்கன்னு எய்திட்டு பூடுவாங்க. நாலு குப்பத்து பொம்பளைங்களும் ஒரே வரிசையா சொல்லணும். ரேடியோவுல உட்டீங்கன்னா கேட்டு மனப்பாடம் பண்ணிக்குவாளுங்க."

"வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமே?" என்றேன். வானொலிக்காரன் கேட்கக்கூடாத கேள்வி.

"அதுல தான் காலைல ரோசாப்பூவும் குட்மார்னிங்கும் வருதே. எவ நம்புவா? ரேடியோவுல வந்தா தான் சார் அதுக்கு ஒரு இது."

முழு வரிசையும் அவருக்கு மட்டும் தெரிந்ததற்குக் காரணம் இருந்தது. பிறந்தது பாலத்தடிக் குப்பத்தில், வாழ்க்கைப்பட்டது முகத்துவாரத்துக் குப்பத்தில். தாய் வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் நடுவே, ஆற்றுக்குள் இருபத்திமூன்று இடங்கள்.

சொல்லத் தொடங்கினார். "பாலத்தடி. அப்பால ரெட்டக் கம்பம். அப்பால ஆளி மேடு. அப்பால மருமவ ஒளிஞ்ச பள்ளம். அப்பால மஞ்ச மண்ணு..."

காதில் ஹெட்போன் போட்டிருந்தால் எதிரில் இருப்பவர் குரல் எதிரிலிருந்து வருவதில்லை. நம் மண்டைக்குள்ளேயே யாரோ தாழ்ந்த குரலில் நினைத்துக்கொள்வதுபோல வரும். முட்டை அட்டைச் சுவர்கள் மெல்லப் பின்வாங்கின. கண்ணாடித் தண்ணி என்றபோது அறைக்குள் வெளிச்சம் மாறியது. நண்டு வூடு. தண்ணி திரும்புற எடம். கீழே ஒரு டிரெய்லர் வந்தது. அவர் நிறுத்தவில்லை. அது ஏதோ மேகம் உருண்டு போகிற சத்தமாகக் கேட்டது. அத்தனை வருடம் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் பேருந்தில் போய்வந்தவன், எனக்குத் தெரியாமல் பக்கத்திலேயே ஒரு ஊர் தண்ணீருக்கடியில் தெருத் தெருவாகப் படுத்திருந்ததை அன்றுதான் அறிந்தேன். ஊமைத் திட்டு என்று அவர் முடித்தபோது எனக்கு எழுந்திருக்க மனமில்லை.

இவ்வளவு உருகியவன் அடுத்து என்ன செய்தான் என்பதையும் எழுதியாக வேண்டும். எடிட் செய்தேன்.

வெள்ளிக்கிழமை கேட்டபோது அது பட்டியலாகத் தெரிந்தது. நேயர்களுக்கு அலுக்கும் என்று பட்டது. இத்தனை வருடத்தில் நேயர்கள் எத்தனை பேர் என்றே தெரியாது, ஆனால் அவர்களுக்கு எது அலுக்கும் என்பது எனக்கு அத்துப்படி. இருபத்திமூன்றில் காதுக்கு இனிமையான ஐந்தை வைத்துக்கொண்டேன். அவற்றையும் ஓசை கூடிவரும்படி இடம் மாற்றினேன். ஊமைத் திட்டில் தொடங்கிப் பாலத்தடியில் முடித்தால் ஒரு கவிதை மாதிரி இருந்தது. மிச்சமான நேரத்தில் பழங்காலக் கடல் வணிகம் பற்றி நான் படித்திருந்ததைப் பேசிச் சேர்த்தேன். எங்களிடம் இருப்பது ஒரே மெமரி கார்டு. நிகழ்ச்சி தயாரானதும் மூலப்பதிவை அழித்துவிட்டு அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம்.

ஞாயிறன்று வீட்டில் கண்மூடிக் கேட்டேன். அருமையான குரல். என்னுடையதைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் அவர் வந்தார்.

"எங்க ஆத்த இன்னா சார் பண்ண?"

'சார்' அப்படியே இருந்தது. 'நீங்க' போய்விட்டிருந்தது.

"நாலு குப்பமும் போனு வெச்சிகினு குந்திகினு கேட்டோம். எல்லாம் கையில வெரலு மடிச்சிகினு எண்ண ரெடியா கீறாளுங்க. நீ பாட்டுக்கு கப்பலு, ராசா, முத்துன்னு பேசிகினே போற. வரும் வரும்னு பாத்தா, அஞ்சு. அதுவும் ஊமத் திட்டுலேர்ந்து ஆரம்பிக்கிற. ஆறு கடல்லேர்ந்து மேல ஏறுதா? நீ சொன்ன வரிசையில ஒருத்தி எறங்கி நடந்தான்னா மூணாவது எடத்துல முழுகிடுவா."

"கேட்பதற்கு அழகாக இருக்கட்டும் என்று..." என்றேன்.

"அழகா தான் கீது. யாரு இல்லன்னா?"

ஒலிப்பதிவுப் பெண் தன் மேசையிலிருந்து திரும்பினார். "மொத்தம் இருபத்தெட்டு நிமிசம். சாரு பத்தொம்பது, அக்கா ஒம்போது. நான் குறிச்சி வெச்சிகீறேன்."

கார்டில் தேடினோம். அதில் இப்போது ஒரு சித்த மருத்துவர் மூட்டுவலி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கெஞ்சி மைக் முன்னால் உட்கார வைத்தேன். பன்னிரண்டாவது இடத்தில் நின்றுவிட்டார். திரும்பத் தொடங்கினார், ஒன்பதில் நின்றார். கண்ணில் நீர் தளும்பியது. எங்கள் மேல் இருந்த கோபம் அவர்மேலேயே திரும்புவதைப் பார்க்க எனக்கு முகமில்லை.

"அன்னிக்கி வந்துச்சி, இன்னிக்கி கோவத்துல வரல" என்றார். "தண்ணில எறங்குனா தான் வரும். கால்ல கீது சார் அது, வாயில இல்ல."

புதன்கிழமை விடியலில் பாலத்தடியில் நின்றேன். மடித்துக் கட்டிய லுங்கி, பாலித்தீன் உறைக்குள் ஒலிப்பதிவுக் கருவி, நீச்சல் தெரியாத ஒரு அறிஞன். ஏற்பாடு எளிது: அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே நகர்வார், ஒவ்வொரு இடம் வரும்போதும் பறியைப் பல்லிலிருந்து எடுத்துப் பெயரைச் சொல்லிவிட்டு மறுபடி கடித்துக்கொள்வார், நான் பின்னாலேயே போவேன். ஒலிப்பதிவுப் பெண் கரையில் கம்பியில்லா ஹெட்போனோடு நடந்துவந்தார். அவர் எதற்குச் சிரித்தார் என்று நான் கேட்கவில்லை.

அனல் மின் நிலையப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள் இன்னும் அணையவில்லை. தண்ணீரின்மேல் அவை நீளநீளமாக ஆடின. வேறு பெண்களின் தலைகள் அங்கங்கே சத்தமில்லாமல் நகர்ந்தன. காலடியில் சேறு எது, சாம்பல் எது என்று சொல்ல முடியவில்லை, வெதுவெதுப்பாக இருந்தது. பாலத்தடி, என்றார். பறியைக் கடித்துக்கொண்டார். ரெட்டக் கம்பம். ஆளி மேடு என்றபோது அடியில் சிப்பிகள் கால்விரலைக் கீறின. ஆளி என்றால் சிப்பிதான், பெயர் பொய்யில்லை. நான்காவதைச் சொன்னதும் ஆறு வருடப் பழக்கம் என்னை விடவில்லை.

"இந்தப் பெயர் எப்படி வந்தது என்று நம் நேயர்களுக்கு..."

அடுத்த அடி பள்ளத்தில். கருவியை உயரத் தூக்கிப் பிடித்தபடி மோவாய்வரை போய்விட்டேன். அவர் என் தோளைப் பிடித்து இழுத்து மேட்டில் நிறுத்தினார்.

"மருமவ தான் ஒளிஞ்சான்னு பாத்தா, நீயும் ஒளிஞ்சிகினியா சார்? வாய மூடிகினு வா."

மூடிக்கொண்டேன். அதன்பின் பத்தொன்பது இடங்கள். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே தண்ணீர் விலகுகிற சத்தம் மட்டும். எறா ஒன்று பறிக்குள் துள்ளும். தூரத்தில் மணலிப் பக்கம் ஏதோ ஆலையின் சங்கு. மஞ்ச மண்ணில் கால் வழுக்கியது, கண்ணாடித் தண்ணியில் என் பாதங்களை நானே யாருடையதோ போலப் பார்த்தேன். வெயில் ஏறி விளக்குகள் மங்கின. நான் நடக்கிறேனா, அவர் சொல்லச் சொல்ல ஆறுதான் என்னைக் கடந்து போகிறதா என்று தெரியவில்லை. அவர் எங்கும் தடுமாறவில்லை. ஊமைத் திட்டில் கடல் காற்று முகத்தில் அடித்தது. அவர் பறியைக் கையில் எடுத்து, "அவ்ளோ தான்" என்றார்.

ஒன்றரை மணி நேரம். ஒரு நொடி வெட்டவில்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மூன்று மூன்று முறை ஒலிபரப்பினோம். டெங்கு விடுமுறை எடுத்துக்கொண்டது. நிகழ்ச்சியில் என் குரல் ஒரே இடத்தில் வருகிறது, பள்ளத்தில் விழும்போது. நேயர்களிடமிருந்து முதன்முதலாகப் பாராட்டு வந்தது, அந்த இடத்துக்கு.

சனிக்கிழமை கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையில் அதிகாரிகள், ஓரமாக ஒரு எழுத்தர், மேசையில் மணி. நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அவர் பெயரை அழைத்தார்கள். மைக்கைப் பிடித்தார். வணக்கம் சொல்லவில்லை. பாலத்தடி, என்று தொடங்கினார். எந்த இடத்தில் என்ன பிடிக்கிறார்கள் என்பதையும் ஒவ்வொன்றோடு சொல்லிக்கொண்டு வந்ததால், ஒன்பதாவது இடத்தில் மணி அடித்துவிட்டார்கள்.

"நேரம் முடிந்தது. அடுத்தவர்" என்றார் அதிகாரி.

இன்னும் பதினான்கு இடங்கள் மிச்சம். அடுத்து வந்த பெண் வேறு குப்பத்துக்காரர், நான் பார்த்தே இராதவர். மைக்கை வாங்கிக்கொண்டு, "பத்தாவது, கல்லு மொன" என்றார்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "அம்மா, உங்க கருத்தைச் சொல்லுங்க."

"அதத் தான் சார் சொல்லிகினு கீறேன். பதினொண்ணாவது, சங்குத் திட்டு."

அவருக்கும் மணி அடித்தது. அடுத்தவர் பதினாறிலிருந்து எடுத்தார். அவருக்கு அடுத்தவர் இருபதிலிருந்து. யாரும் ஒரு இடத்தையும் தாண்டவில்லை, ஒரு இடத்தையும் இரண்டு முறை சொல்லவில்லை. நாலாவது பெண் ஊமைத் திட்டில் முடித்தபோது மணியடிக்கிறவர் கையை மேசையில் வைத்து மறந்திருந்தார்.

"பதிவு செய்யப்பட்டது" என்றார் அதிகாரி.

அந்தப் பதிவு மேலே போய் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. காகிதங்களோடு பழகியவன், அதிகம் நம்பிக்கை கிடையாது. நம் அம்மாளுக்கும் அவ்வளவாக இல்லை போலிருக்கிறது. மேடையோரம் போய் நின்றார்.

"இன்னா எய்துனீங்கன்னு படிச்சி காட்டுங்க. கேட்டுட்டு போறோம்."

எழுத்தர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, தலையசைத்தார். எழுத்தர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ரேஷன் கடை அறிவிப்பு வாசிக்கிற குரலில், "ஒன்று. பாலத்தடி" என்றார்.

மண்டபத்தில் உட்கார்ந்திருந்த நாலு குப்பத்துப் பெண்களும், கதை கேட்கிறவர்கள் போல, ஒன்றாக, "ம்" என்றார்கள்.

எழுத்தர் அடுத்த வரியில் விரலை வைத்தார்.

"இரண்டு. ரெட்டக் கம்பம்."

"ம்."