இல்லீங்க தொரே

முதல்முறை மேடையேறுகிறவனுக்குச் சோடா வாங்கிக் கொடுத்து முதுகில் தட்டினால் பயம் போய்விடும் என்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் மண்டோரின் பயம் சோடாவில் தீருகிற பயமா?

நான் அப்போது கிள்ளானில் வடிகால் அலுவலகத்தில் வரைபடம் வரைபவன்; தோட்டத்து ஆட்கள் என்னைக் கிராணி, அதாவது குமாஸ்தா, என்பார்கள். துரைகளுக்கு மொழிபெயர்ப்பதும் என் தலையில்தான் விழும். மண்டோர், தெலுக் பங்லிமா காராங் பக்கத்துத் தோட்டமொன்றில் கால்வாய் வெட்டும் ஆட்களுக்குத் தலைவர். கடல்நீர் ஏறும்போது தானே மூடிக்கொள்ளும் மரமதகை ஆற்று வாயிலேயே வைக்கலாமா என்று முந்தின வருடம் ஒரு துரை அவரைக் கேட்டார். கூடாது என்று தெரிந்தும் "ஆமாங்க தொரே" என்றார். சேறு படிந்து கதவு மூடவில்லை. உப்புத் தண்ணீர் ஆட்கள் குடியிருந்த லயத்துக்குள் புகுந்து அவர் வீட்டு அரிசியைத்தான் முதலில் நனைத்தது.

இப்போது அதே இடத்தில் புது மதகு கட்டத் திட்டம். அதற்காகக் கிள்ளானில் பொறியாளர்கள் கூடினார்கள். களத்து ஆள் ஒருவரும் பத்து நிமிடம் பேசட்டுமே என்று இவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஒரு வாரம், அலுவலகம் காலியானதும் ஒத்திகை. ஆணியில் தொங்கிய துரையின் தொப்பியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்வேன்.

"மதகு ஆத்து வாயிலதானே, மண்டோர்?"

"ஆமாங்க தொரே."

"அண்ணே, நான் கிராணி!"

"தெரியுதுங்க கிராணி. தொப்பியப் பாத்ததும் வாய் தானா ஆமாங்குது."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல, ஒரு மனிதரின் நாக்கில் அந்தச் சொல்லை ஆணியடித்து வைத்தவர்கள்மேல்.

"கையக் கட்டாதீங்க அண்ணே. தண்ணி பூந்தது உங்க வீட்டுல, அவங்க வீட்டுல இல்ல."

ஐந்தாம் நாள் தரையைப் பார்த்து "இல்லீங்க" என்றார். ஏழாம் நாள் தொப்பியைப் பார்த்தே சொன்னார்.

கூட்டத்தன்று ஆற்று வாய்ச் சேற்றைப் பால் டின்னில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். அங்கே சேறு படிவதையும், மதகை ஆற்றில் மேலே தள்ளிக் கட்டினால் படியாது என்பதையும் சொன்னார். தலைமையில் இருந்த துரை, என் மேலதிகாரி, சிரித்தபடி கேட்டார்: சேற்றை அவ்வப்போது வாரினால் போதும், மதகு அங்கேயே இருக்கலாம், அப்படித்தானே?

"இல்லீங்க தொரே. அங்க கட்டக் கூடாது."

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. "இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம் என்கிறார்" என்று ஆங்கிலத்தில் மழுப்பினேன்.

மண்டோருக்குத் தெரிந்த ஆங்கிலம் பத்து வார்த்தை இருக்கும். நான் சொன்னதில் தன்னுடைய சொல் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க அது போதுமாக இருந்தது.

"நோ" என்றார் துரையிடம், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "நோ, தொரே." பிறகு என் பக்கம் சாய்ந்து, "கையக் கட்டாதீங்க கிராணி" என்றார்.

குனிந்து பார்த்தேன். கட்டித்தான் இருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. கைகளை அவிழ்த்து, அவர் சொன்னதைக் கொஞ்சமும் குறைக்காமல், துரையின் முகத்தைப் பார்த்து மறுபடி ஆங்கிலத்தில் சொன்னேன்.

மதகை ஆற்றில் மேலே தள்ளித்தான் கட்டினார்கள்.