எர்லன்புருக்குக்கு ஒரு சரக்குக் கறி

மகள் கணக்குக் கொப்பியோடு வந்து, "அம்மா, புருக் எண்டால் தமிழிலை என்ன?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்குத் தொடங்கியிருக்கிறார்களாம். நான் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் பிள்ளை பயந்து தகப்பனைக் கூப்பிட்டுவிட்டாள்.

உங்களுக்குச் சொன்னால் என்ன. ஜெர்மன்காரருக்குப் பின்னமும் புருக்தான், குடலிறக்கமும் புருக்தான். பதினெட்டு வயதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அப்பாவுக்கு அந்த வருடம் லைஸ்டன்புருக் என்று தொடையிடுக்கில் சத்திரசிகிச்சை நடந்திருந்ததால், எங்கள் வீட்டில் எல்லோரும் அரை வைத்தியர்.

பீலெஃபெல்டுக்கு வெளியே ஒரு வன அலுவலரிடம் காட்டு வேலை பழக அவுஸ்பில்டுங், அதுதான் தொழிற்பயிற்சி, கேட்டிருந்தேன். அதில் எனக்குப் பைத்தியம். அம்மாவோ, "பொம்பிளைப் பிள்ளைக்குச் சேத்துக்குள்ளை என்ன வேலை?" என்று, பல் வைத்தியரிடம் உதவியாளராகச் சேர்க்க நின்றார். அலுவலர் மறுத்தால் பல்தான். முடிவு கேட்டு டெலிபோன் எடுத்தேன். அவருடைய மனைவி, "அவர் எர்லன்புருக்கில் இருக்கிறார், நாளைக்கும் அப்படித்தான்" என்றார், மிகவும் சந்தோஷமாக.

லைஸ்டன் தொடையிடுக்கு. அப்படியென்றால் எர்லன் எது? அம்மா யோசித்துக் குரலைத் தாழ்த்தினார். "அது சொல்லக்கூடாத இடமாயிருக்கும். வருத்தக்காரரைப் பாக்காமல் விடேலாது. வெளிக்கிடு."

மல்லி, மிளகு, சீரகம், உள்ளி அரைத்துச் சரக்குக் கறி வைத்து எடுத்துக்கொண்டார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது! பஸ் முழுக்க மணந்தது. இன்றைக்கும் மிளகு வறுபட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

வாசலில் அலுவலரின் மனைவி எங்களைக் கண்டு விழித்துவிட்டு, வீட்டுப் பின்பக்கத்தைக் காட்டினார். கறுத்த தண்ணீருக்குள் மரங்கள், ஒவ்வொன்றும் தன் வேர் மேட்டில், பாவாடையைத் தூக்கிப் பிடித்ததுபோல் நின்றன. நடுவில், நெஞ்சுவரை ரப்பர் காற்சட்டையோடு வன அலுவலர். எர்லே என்பது இந்த மரந்தான். அது நிற்கிற சதுப்புக் காட்டுக்கும் புருக் என்றுதான் பெயராம்!

"ஐயோ, இந்தாள் எழும்பி நடக்குது!" என்று பதறிய அம்மா, நான் விளக்குமுன் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். கொஞ்சத் தூரத்தில் சேறு ஒரு செருப்பை விழுங்கியது. கறி மட்டும் சிந்தவில்லை.

நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு வேரில் குந்தியிருந்து, கண்ணீரும் மூக்குமாக முழுதையும் சாப்பிட்டுவிட்டு, "சேற்றுக்குப் பயமா?" என்று என்னைக் கேட்டார். நான் அம்மாவுக்குச் சொல்ல, முழங்கால்வரை கறுத்து நின்ற அம்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது.

"என்ரை பிள்ளைக்கு என்ன பயம்? சேறு கழுவினாப் போகும் எண்டு சொல்லு."

அம்மாவின் மனம் மாறுமுன் அவசரமாக மொழிபெயர்த்தேன். பல் வைத்தியர் தப்பினார்.

வன அலுவலர் ஓய்வுபெற்றபின் அந்தக் காடு என் பொறுப்பு. போன கிழமை அம்மாவையும் மகளையும் கூட்டிப்போனேன். மழை பொய்த்த கோடைகளில் நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. எர்லேகள் வேர் தெரிய நிற்கின்றன. பாதிக்கு உச்சியில் இலையில்லை. மகள் வெள்ளைச் சப்பாத்தோடு ஓடித் திரிந்தாள், ஒரு பொட்டுச் சேறும் ஒட்டவில்லை. திரும்பி வந்தவளின் கையில் கறுத்த ஒற்றைச் செருப்பு.

"என்ரை செருப்பு!" அம்மா துள்ளினார், நாங்களும் துள்ளினோம். பிறகு அம்மா சுற்றிலும் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது.

அம்மா செருப்பை வாங்கி ஒரு எர்லேயின் வேரடியில் திரும்ப வைத்தார்.

"கிடக்கட்டும் பிள்ளை. தண்ணி திரும்பி வந்து எடுக்கட்டும்."