இடைக்கதவு

நெல்லியடியில் ஒரு விடுதி. கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் விடுமுறைக்கு வந்திருக்கும் நாங்கள், ஒரே குடும்பத்தார் பதினாறு பேர், முற்றம் நிறைய நிற்கிறோம். வரவேற்பு மேசைப் பெண்ணிடம் நான் மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

“தங்கச்சி, அறையளுக்கு இடையிலை கதவு இருக்குத்தானே?”

“ஓம் அக்கா. ரெண்டு பக்கமும் கொண்டி போட்டிருக்கு. ரெண்டு பக்கமும் திறந்தால்தான் அங்காலை போகலாம்.”

அறைக்குள் போனதும் முதல் வேலையாக என் பக்கத்துக் கொண்டியை இழுக்கிறேன். மறுபக்கத்து அறையில் அண்ணை தன்னுடையதை இழுக்கும் சத்தம் கேட்கிறது. கதவு திறக்கிறது. வந்தவர் என் கட்டிலில் இருந்தபடி இரண்டு பருத்தித்துறை வடையைக் கடித்துவிட்டு எழும்புகிறார்.

“போட்டு வாறன்.”

‘போறன்’ என்று சொல்லிப் புறப்படுவது எங்கள் வழக்கமில்லை; போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்லுவோம். உடுப்பிட்டி வீட்டு வாசல் படலையில் நின்று அண்ணை இதையேதான் சொல்லிவிட்டுப் பிரான்சுக்குப் போனார். அம்மா கடைசிவரை அந்தச் சொல்லை நம்பிக்கொண்டிருந்தார். செத்தவீட்டுக்குக்கூட அண்ணையால் வர முடியவில்லை.

சாத்திய இடைக்கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அது திறக்கிறது. அண்ணை தலையை நீட்டுகிறார்.

“பிள்ளை, உங்கை குளிக்கிற சவுக்காரம் இருக்கோ?”