ஒன்பதாம் நம்பர் பிளக்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். இப்போதும் இதைக் கொஞ்சம் நிமிர்ந்துதான் சொல்வேன். பத்து வயதில், யாரும் கேட்காமலேயே சொல்வேன்.

அம்மா கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை பார்த்தாள். இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து வந்து அங்கே குடியேறிய குடும்பம் எங்களுடையது. வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த லைன் வீடும் போய்விடும். அதனால் என் இங்கிலீஷ் படிப்புக்காக அப்பா மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு கப்பலேறிப் பெரிய தீவிலிருக்கும் புரோத்ராபூருக்கு வந்து, தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் ஷெட் வைத்தார். கப்பலில் இடமும் தோட்டத்தில் லீவும் சேர்ந்து கிடைத்தால்தான் அம்மா வருவாள். அவை சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

பள்ளி விட்டு வந்தால் பேச ஆள் இருக்காது. அப்பா ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். வெளியே தெரிவது இரண்டு கால்கள்தான். அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய பாடத்தை ஒப்பிப்பேன். வண்டிக்கு அடியிலிருந்து "ம்" என்று வரும். சில நாள் அந்த ஒரு "ம்"மோடு என் சாயங்காலம் முடிந்துவிடும்.

அந்த வருடம்தான் கேப்டன் சாரின் கார் எங்கள் ஷெட்டுக்கு வந்தது. கேப்டன் சார் கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மேட்டில் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். வெளிநாட்டிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அவரிடம் இருந்தது. இரண்டே சீட். மற்ற வண்டிகளைப் போல அதன் இன்ஜினில் பிஸ்டன் கிடையாது. முட்டை வடிவக் கூட்டுக்குள் முக்கோணமாக ஒரு இரும்பு சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் காரின் முழு வேகத்துக்கு எங்கள் தீவில் ரோடு இல்லை. வாரம் ஒருமுறை சார் அதை ஸ்டார்ட் செய்து, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நிறுத்துவார். அப்படிக் குறைவாக ஓட்டினால் இன்ஜினைப் பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக்கில் கரி பிடிக்கும். பிடித்துப் பிடித்து நாலு பிளக்கும் செத்தே போயின. அந்தக் காருக்குரிய பிளக் மெயின்லேண்டிலிருந்து வரவேண்டும். சொல்லி வைத்து மாதக்கணக்காகியும் வரவில்லை.

"தூஸ்ரா பிளக் சலேகா க்யா?" என்று சார் கேட்டார். வேறு பிளக் போட்டு ஓட்டலாமா என்று.

"தேக்தா ஹூன் சார்" என்றார் அப்பா. பார்க்கிறேன் என்று அவர் சொன்னால் முடித்துவிடுவார்.

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போட் இன்ஜின் சாமான் விற்கிற கடைக்குப் போனார். பழைய பிளக்கை ஒவ்வொரு புதுப் பிளக்கோடும் சேர்த்துப் பிடித்து நுனியில் விரலை ஓட்டிப் பார்த்தார். அந்த இன்ஜினில் பிளக் ஒரு நூல் நீண்டிருந்தாலும் உள்ளே சுற்றுகிற முக்கோணத்தின் மூக்கு வந்து இடித்துவிடும். கடைசியில் ஒரே கம்பெனியின் இரண்டு ரகம் தேறின. ஏழாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும்.

"இதுல சூடு கூடினது எது புள்ள? பிளக்கு சூடா இருந்தாத்தான் கரி எரியும்."

"ஒன்பதுப்பா."

"ஏழுல பீங்கான் உள்ள நீளமா போகுதே. நீளமா இருந்தா சூடு நிக்கும்ல?"

"பெரிய நம்பர்னா பெரிய சூடுப்பா. தெர்மாமீட்டர்ல நாங்க பாத்திருக்கோம். உங்களுக்குத் தெரியாது."

கடைக்காரர் சிரித்தார். "டீச்சரம்மாவே சொல்லியாச்சு. அப்புறம் என்ன யோசனை மிஸ்திரி?"

அப்பா இரண்டையும் உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றார். நான் வாசலுக்குப் போய்த் தூண்டில் முள்களை வேடிக்கை பார்த்தேன். திரும்பி வரும்போது அவர் சட்டைப் பை கனமாகத் தொங்கியது. கையில் இருந்த டப்பாக்களில் ஒன்பது என்று போட்டிருந்தது. எனக்கு அது போதும்.

ஒன்பதைப் போட்டதும் கார் ஒரே திருகலில் கிளம்பியது. ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொண்டுவா என்று கேப்டன் சார் சொல்லிவிட்டார். அந்த வாரம் அம்மா எங்களோடு இருந்தாள். ஏழு மாதம் கழித்து வந்திருந்தாள். திரும்புகிற கப்பல் மத்தியானம் இரண்டு மணிக்கு. அன்றைக்கென்று எனக்குப் பரீட்சை. அம்மா மூட்டைகளோடு காலையிலேயே கப்பல் நிற்கும் ஜெட்டிக்குப் போய்விடுவது, பரீட்சை முடிந்ததும் அப்பா என்னை அந்தக் காரிலேயே ஜெட்டிக்குக் கொண்டுவருவது என்று ஏற்பாடு. ஏற்பாடு செய்தது நான்.

"செவப்பு காருல வந்து எறங்கப் போறியா?" என்று அம்மா கேட்டாள். "அப்ப நான் உள்ள போயி உக்கார மாட்டேன். கப்பல் கம்பி ஓரமா நிக்கிறேன். பச்ச சேலை, பாத்துக்க."

பரீட்சை முடிந்து வந்தபோது பள்ளிவாசலில் கார் நின்றது. சுற்றிலும் ஒரே கூட்டம். அப்பா சாவியைத் திருப்பி அணைக்கப் போனார். அணைக்க வேண்டாம் என்றேன். என் வகுப்பு முழுவதும் வெளியே வந்து அந்தச் சத்தத்தைக் கேட்கும் வரை கார் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. பிறகுதான் ஏறினேன்.

பாதி வழியில், ஒரு மேட்டில், கார் இருமியது. இரண்டு மூன்று முறை குலுங்கி நின்றுவிட்டது.

அப்பா பிளக்குகளைக் கழற்றினார். நாலும் கரியப்பி ஈரமாக இருந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஊதி, அதே ஒன்பதைத் திரும்ப மாட்டினார். கார் கிளம்பி ஐம்பது அடி போய் மறுபடி நின்றது. அப்போது ஜெட்டிக்குப் போகிற பஸ் ஒன்று மேடேறி வந்தது. அப்பா கை காட்டி நிறுத்தினார்.

"நீ இதுல போயிரு புள்ள. கண்டக்டர்ட்ட சொல்றேன், எறக்கி விடுவாரு. அம்மா பாத்துக்கிட்டு நிக்கும்."

"மாட்டேன். கார்லதான் வருவேன்."

"சல்தி கரோ பாய்" என்று அவசரப்படுத்தினார் கண்டக்டர். அப்பா என்னைப் பார்த்தார். நான் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். பஸ் போய்விட்டது.

அப்பா மறுபடியும் கழற்றினார். மறுபடியும் தேய்த்து அதையே போட்டார். கார் அசையவில்லை. மூன்றாவது தடவைதான் சட்டைப் பைக்குள் கைவிட்டு நாலு புதுப் பிளக்குகளை எடுத்தார். இன்ஜின் சூட்டில் விரலைச் சுட்டுக்கொண்டே அவற்றை மாட்டினார். கார் கிளம்பியது. பிறகு எங்கேயும் நிற்கவில்லை.

ஜெட்டியில் கயிறு கட்டும் இரும்புக் குமிழ்கள் வெறுமனே இருந்தன. கப்பல் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. கம்பி ஓரத்தில் நிறைய நிறங்கள் தெரிந்தன. எது பச்சை என்று சொல்ல முடியவில்லை. அப்பா எதற்கும் இருக்கட்டும் என்று கையை உயர்த்திக் காட்டினார். நான் காரை விட்டு இறங்கவே இல்லை.

நாலு நாள் கழித்துத் தோட்டத்து ஆபீஸ் போனிலிருந்து அம்மா பேசினாள். "கப்பல் நகந்தப்புறமும் நின்னேன். ரோட்டுல செவப்பா என்ன போனாலும் கை காட்டினேன். பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க."

அப்பா போனை வாங்கிக்கொண்டார். "பிளக்கு மாத்தி எடுத்தது நான்தான். புள்ள சரியாத்தான் படிச்சு சொன்னுச்சு" என்றார். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பஸ்ஸைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். சென்ற மாதம் வகுப்பில் பிளக் அட்டவணை ஒன்றைக் கொடுத்தார்கள். அந்தக் கம்பெனி முறையில் நம்பர் ஏற ஏறச் சூடு குறையும். பீங்கான் நீளமாக இருந்தால் சூடு நிற்கும்.

வகுப்பு முடிந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டேன். ஏழுதான் சரி என்று உங்களுக்கு அன்றைக்கே தெரியுமா என்று கேட்டேன்.

"எனக்கெங்க தெரியும் புள்ள. நான் என்ன படிச்சா இருக்கேன்" என்றார். ஸ்பானர் விழுகிற சத்தம் கேட்டது. வண்டிக்கு அடியிலிருந்துதான் பேசியிருக்க வேண்டும்.

பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா எப்போதும் பையில் ஸ்பேர் வைத்திருப்பார் என்பது மட்டும்தான். அந்த நாலு ஏழாம் நம்பரும் சட்டைப் பையில் நெஞ்சுக்கு நேரே இருக்கும்போது, அங்கே கப்பல் காத்திருக்கும்போது, அவர் ஏன் இரண்டு தடவை ஒன்பதையே துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தார் என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.